பிடரிக் கண்ணாடி

பட்டாளத்தான் விடுப்பில் வந்திருந்த அந்த மாதம் எங்கள் தெருவில் ஓர் ஆண்பிள்ளையும் முடி வெட்டிக்கொள்ளவில்லை. நல்ல வெயில் காலம். காலையிலேயே தார் இளகிச் செருப்பில் ஒட்டும். அந்தக் கொதிப்பில் தபால்காரர் காதைத் தொட்ட முடியும் கன்னத்தை மூடிய தாடியுமாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். ரொட்டிக்கடைக்காரர் மாவில் முடி விழுந்துவிடுமே என்று தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அடுப்புக்குள் ரொட்டியையும் துண்டுக்குள் தலையையும் சேர்த்தே வேகவைத்தார். அசலூர்க்காரர் யாராவது பார்த்திருந்தால் தெருவே துறவறம் வாங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். விஷயம் அதுவல்ல. தெருவின் ஒரே சலூன் மூடிக் கிடந்தது. கதவில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று ஓர் அட்டை தொங்கியது.

கடையில் ஒரு பழுதும் இல்லை. பழுது சலூன்காரரின் வலது கையில் இருந்தது.

போன குளிர்காலத்தில்தான் அது ஆரம்பித்தது. முதலில் தேநீர்க் கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. குளிர் என்றார். போர்வைக்குள்ளும் கை ஆடியது. வயசு என்றார். ஒரு நாள் சவரக்கத்தி தபால்காரரின் காது மடலில் இறங்கிவிட்டது. தபால்காரர் பெரிய மனசுக்காரர். "விடுங்கண்ணே, காதுதானே, இன்னொண்ணு இருக்கு" என்று படிகாரக் கல்லை வாங்கித் தானே தேய்த்துக்கொண்டார். சலூன்காரர் அன்றைக்குக் கத்தியை மடித்து இழுப்பறைக்குள் போட்டவர்தான், பிறகு அதை எடுக்கவில்லை. கத்தரிக்கோல் மட்டும் கொஞ்ச காலம் ஓடியது.

அதுவும் ஒரு மத்தியானம் நின்றது. நாற்காலியில் ரொட்டிக்கடைக்காரர். பாதித் தலை வெட்டியாகிவிட்டது. மீதிப் பாதியில் கத்தரிக்கோலை வைக்க வைக்க அது துள்ளியது. சலூன்காரர் கையைக் கீழே இறக்கிவிட்டு, சுவரில் தொங்கிய நாள்காட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். துவைத்த துண்டுகளைக் கொடுத்துவிட்டுப் போக வந்த மருமகள், பட்டாளத்தானின் மனைவி, வாசலில் நின்று இதைப் பார்த்தாள். துண்டுகளைப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"மாமா, நீங்க சொல்லுங்க. நான் வெட்டறேன்."

"இது விளையாட்டில்லம்மா."

"பாதித் தலையோட அவரு எப்படி மாமா வீட்டுக்குப் போவாரு?"

ரொட்டிக்கடைக்காரர் அந்தக் கதையை இன்றைக்கும் சொல்வார். "எழுந்து ஓடவும் முடியல, உக்காந்திருக்கவும் பயம். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். அண்ணன் பக்கத்துல நின்னு, சீப்பைச் சாய், இன்னும் சாய், அவசரப்படாதேன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. கண்ணைத் திறந்து பாத்தா, ரெண்டு பாதியில அந்தப் பொண்ணு வெட்டின பாதிதான் நல்லா இருந்துச்சு. அதை அண்ணன் எதிர்ல எப்படிச் சொல்றது?"

அன்றிலிருந்து கத்தரிக்கோல் அவள் கைக்குப் போனது. பின்னாலேயே இழுப்பறைக் கத்தியும் போனது. காலையில் அடுப்படியை முடித்துவிட்டு, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, நேரே கடைக்கு வருவாள். மகளுக்கு நாங்கள் வைத்த பெயர் வாண்டு. மருமகள் குள்ளமான பெண். நாற்காலியின் மிதியை அழுத்திக் கீழே இறக்கி வைத்துக்கொள்வாள். மாமனார் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல வெட்டினாள். பிறகு அவர் சொல்லாமலே வெட்டினாள். வேலையில் அவள் ருசி கண்டுவிட்டாள். வீட்டில் அதிர்ந்து பேசாதவள், கடையில் துண்டை உதறிவிட்டு "அடுத்து யாரு?" என்று கேட்டால் பெஞ்சில் இருக்கிற பெரிய மனிதர்களெல்லாம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சலூன்காரருக்கு என்று ஒரு வேலை மிஞ்சியது. வெட்டி முடித்ததும் கைக்கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் பிடித்துப் பிடரியைக் காட்டவேண்டும். முன்னால் பெரிய கண்ணாடி, பின்னால் சின்னக் கண்ணாடி. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். கை ஆடும், கண்ணாடி ஆடும், பிடரி அதற்குள் குதிக்கும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. "நல்லாத் தெரியுதுண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்வோம். அது எங்கள் தெரு மரியாதை.

இதெல்லாம் மலைமேல் முகாமில் இருந்த மகன் பட்டாளத்தானுக்குத் தெரியாது. தொலைபேசியில் "கடை எப்படிப்பா ஓடுது?" என்பான். "நல்லா ஓடுதுடா" என்பார் அப்பா. பொய் இல்லை. யார் ஓட்டுகிறார்கள் என்று அவன் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை.

சொல்லாததற்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. அப்பாவின் கை போய்விட்டது என்று தெரிந்தால் மகன் பாதியிலேயே பட்டாளத்து வேலையை உதறிவிட்டு வந்து நிற்பான் என்று சலூன்காரருக்குப் பயம். மருமகளின் பயம் வேறு. போன விடுப்பில் அவள் துண்டு கொண்டுபோன இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பேசியதைப் பார்த்துவிட்டு அவன் சொல்லியிருந்தான்: "கண்டவனும் வந்து போற இடம், நீ அங்க நிக்க வேண்டாம். அப்பாவுக்கு முடியாம போனா கடையை மூடிடலாம்." சாப்பிட்டுக்கொண்டே சொன்ன வார்த்தை. கை கழுவும்போதே அவன் மறந்திருப்பான். அப்போது அவளுக்குக் கடை ஒரு பொருட்டில்லை, சரி என்று சொல்லிவைத்தாள். இப்போது அந்தச் சரி தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. கத்தரிக்கோலைக் கீழே வை என்று அவன் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவளுக்கு இரவும் பகலும் நினைப்பு.

"இந்த ஒரு லீவு போகட்டும்மா" என்றார் சலூன்காரர். "கடையை மூடி வச்சிடுவோம். திறந்திருந்தாத்தானே யார் வெட்டறாங்கன்னு தெரியும்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் தெரு வாய்க்கு அண்டா மூடியும் பத்தாது. அப்படிப்பட்ட தெரு, சலூன்காரர் கேட்டுக்கொண்டார் என்று வாயை மூடிக்கொண்டது. பட்டாளத்தான் வருவதற்கு முந்தின நாள் எல்லாரும் வரிசையில் நின்று வெட்டிக்கொண்டோம். பழுதுக்குப் போனதாகச் சொல்லிக்கொள்ள நாற்காலியைத் தூக்கிப்போய் ரொட்டிக்கடைக்காரரின் மாவு அறையில் மறைத்தோம். எல்லாம் கச்சிதம். ஆயுசு முழுக்க முடி வெட்டியே சாப்பிட்ட மனிதர், முடி வளரும் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு சலூன் இருக்கிறது. ஆனால் அங்கே போய்த் தலையைக் கொடுத்துவிட்டு, நாளைக்கு இவர் முகத்தில் எப்படி முழிப்பது?

பட்டாளத்தான் வந்து இறங்கினான். வெயிலில் காய்ந்த முகம், ஒட்ட வெட்டிய தலை, முதுகில் மூட்டை. வாண்டு கொஞ்ச நேரம் அம்மா பின்னால் நின்று எட்டிப் பார்த்தது. அவன் குனிந்து தலையைக் காட்டியதும் தடவிப் பார்த்து, "அப்பா, குத்துது" என்றது. அதோடு தோளில் ஏறிக்கொண்டது. சாயங்காலம் மகளைத் தோளில் வைத்தபடியே தெருவில் நடந்து எல்லாரிடமும் பேசினான். சின்ன வயதில் அந்தக் கடையைப் பெருக்கி வளர்ந்த பிள்ளை. மற்றவர்கள் முகம் பார்த்துப் பேசுவார்கள். அவன் பேசி முடித்து, ஆள் திரும்பிப் போகும்போது பிடரியையும் ஒரு தடவை பார்ப்பான். தெருவை இரண்டு சுற்று சுற்றினான். வீடு திரும்பும்போது அவ்வளவாகப் பேசவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்தோம்.

விடுப்பு முழுக்க மகன் எதிரில் சலூன்காரர் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தே குடித்தார். மறுநாள் காலை ரொட்டியும் முட்டையும் சாப்பிடும்போது மகன் கேட்டான்.

"கடைக்கு என்னப்பா பழுது?"

"சுவர் ஓதம் அடிக்குது."

"இந்த வெயில்லயா?"

"உள் ஓதம்டா. வெளிய தெரியாது."

"நான் பூசித் தரேனே. அங்க அதுதான் வேலை, வருஷம் பூரா சுவர் பூசறோம்."

"மேஸ்திரிகிட்ட சொல்லியாச்சு."

"எப்ப வராரு?"

"வருவாரு."

"நாளைக்கு" என்றாள் மருமகள் அதே நேரத்தில்.

"அடுத்த மாசம்" என்றார் சலூன்காரர்.

பட்டாளத்தான் இருவரையும் பார்த்தான். முட்டையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான். "சரி, அவருக்கு எப்ப தோதோ அப்ப வரட்டும்" என்றான்.

சும்மா இருக்கத் தெரியாதவன். விடியுமுன் எழுந்து தண்ணீர்த் தொட்டியைக் கழுவினான். ஜன்னல் வலையை மாற்றினான். படுக்கை விரிப்பை மூலை மடக்கி அவன் போடுகிற அழகைப் பார்த்து மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இதுல எப்படிங்க படுக்கறது? கலைஞ்சுடுமேன்னு பயமா இருக்கு." வாண்டுக்கு அணிவகுப்பு சொல்லிக்கொடுத்தான். அது பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறபோது தெரு முழுக்க இடது வலது போட்டுக்கொண்டு வரும். மத்தியான வெயிலில் நாலு பேரும் கூடத்தில் ஈரத் தரையில் படுத்துக் கிடப்பார்கள். அப்பாவும் மகனும் போட்டி போட்டுக் குறட்டை விடுவார்கள். அந்த வீட்டைக் கடந்துபோகிற யாருக்கும் மனசு குளிரும். பொய் ஒன்று நடுவில் படுத்திருந்தது, ஆனால் அதுவும் குறட்டை விட்டுத்தான் தூங்கியது.

முடி மட்டும் வளர்ந்தது. ரொட்டிக்கடைக்கு லாரியில் மாவு மூட்டை வந்த அன்று பட்டாளத்தான் தானாகப் போய்த் தோள் கொடுத்தான். மூட்டையோடு மாவு அறைக்குள் போனவன் வெளியே வரவில்லை. ரொட்டிக்கடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அவன் தார்ப்பாயை விலக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

"அண்ணே, இது ரிப்பேருக்குப் போயிருக்குன்னாரே அப்பா."

"இதுதான் தம்பி ரிப்பேர்."

"மாவு மூட்டைக்குப் பின்னாலயா?"

"கொஞ்சம் காத்தாட இருக்கட்டுமேன்னு."

அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

"என்ன கோளாறு?"

"உக்காந்தா கிறீச்சுனு சத்தம்."

பட்டாளத்தான் இப்படியும் அப்படியும் அசைந்தான். சத்தம் வரவில்லை.

"சரியாயிடுச்சு போல" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

பட்டாளத்தான் தன் காலைப் பார்த்தான். முழங்கால் மடங்கிப் பாதம் தரையில் பட்டிருந்தது. சலூன்காரர் நெட்டையான மனிதர். அவர் வெட்டுகிற காலத்தில் நாற்காலி எப்போதும் உச்சியில் நிற்கும். சின்னப் பிள்ளையாக அவன் அதில் தாவித்தான் ஏறுவான்.

"அண்ணே, போன தடவை உங்களுக்கு யார் வெட்டினது?"

"உங்கப்பாதான். வேற யாரு?"

"நல்ல வெட்டு."

"அண்ணன் கைன்னா சும்மாவா" என்றார் ரொட்டிக்கடைக்காரர். சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பட்டாளத்தான் இன்னும் சற்று நேரம் அதில் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து தார்ப்பாயைப் போட்டு மூலைகளை ஒழுங்காக மடக்கினான். கண் கலங்கியிருந்தது. "மாவு விழுந்துடுச்சுண்ணே" என்றான். "பிறந்ததுலேருந்து மாவுலயே கிடக்கறேன். மாவு விழுந்த கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்று ரொட்டிக்கடைக்காரர் பிறகு எங்களிடம் சொன்னார். அங்கே மலையில் யாரோ முகம் தெரியாதவன் இயந்திரத்தை வைத்து வழித்துத் தள்ளும்போதெல்லாம், தன் பிடரியில் அப்பாவின் விரல் படுகிற அந்த ஒரு காலைப்பொழுதை நினைத்துக்கொள்பவன் அவன். அது இனி இல்லை என்று அந்த நாற்காலியின் உயரம் அவனுக்குச் சொல்லிவிட்டது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விடுப்பில் வளர்ந்த முடி அப்பாவின் கடையில்தான் விழவேண்டும். கிளம்புகிற அன்று காலை முதல் ஆளாக அவன் நாற்காலியில் உட்காருவான், அப்பா வெட்டிவிடுவார், மத்தியான வண்டிக்குப் போய்விடுவான். பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து இது தவறியதில்லை. நாள் நெருங்க நெருங்க மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம் பின்கட்டுப் படியில் தண்ணீர் தெளித்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே சட்டியில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. அவன் அவளுடைய வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இது என்ன, கட்டைவிரல்ல காய்ப்பு?"

"பாத்திரம் தேய்ச்சு வந்தது."

"பாத்திரம் தேய்ச்சா உள்பக்கமா வளையம் போட்ட மாதிரி காய்க்குமா?"

"நம்ம வீட்டுப் பாத்திரத்துக்குக் காய்க்கும்."

"அப்பாவுக்கும் இதே இடத்துல இருக்கு."

"மாமாவும்தான் பாத்திரம் தேய்ப்பாரு."

அவன் சிரித்துவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவள் பூசணித் தோட்டத்தையே மறைக்கப் பார்த்தாள். அவன் அந்தக் காய்ப்பைத் தன் விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் போறதுக்குள்ள என்கிட்ட ஏதாவது சொல்லணும்னு இருக்கா?"

"என்ன சொல்லணும்?"

"ஏதாவது."

அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. மூடிடலாம் என்ற அந்தப் பழைய வார்த்தையும் கூடவே வந்து வழியை மறித்தது.

"உப்பு தீந்துபோச்சு. வாங்கிட்டு வாங்க" என்று எழுந்தாள். "மீன் தீயுது."

மீன் தீயவில்லை. அவன் எழுந்து போய் உப்பு வாங்கிவந்தான். அலமாரியில் உப்பு ஜாடி நிறைய இருந்தது. அதன் பக்கத்தில் இதையும் வைத்தான்.

கிளம்புகிற நாளும் வந்தது. கை சுளுக்கிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்பதுதான் சலூன்காரரின் ஏற்பாடு. ஆனால் காலையில் மகன் குளித்துவிட்டு வந்து, காதோரம் வளர்ந்திருந்த முடியைத் தடவிக்கொண்டே "போலாமாப்பா?" என்று கேட்டதும் அவர் வாயிலிருந்து சுளுக்கு வரவில்லை. "வா" என்றார். ஒரு தலைதானே, மகன் தலைதானே என்று நினைத்திருப்பார். நாங்கள் அவசர அவசரமாக நாற்காலியைக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தோம். மாவைத் துடைக்கக்கூட நேரமில்லை. அட்டையைக் கழற்றினார்கள். கதவு திறந்தது. தெருவில் இருந்த தாடிகளெல்லாம் எதிர்ச் சாரியில் போய் நின்றுகொண்டு, வெயிலைப் பற்றிப் பேசுவதுபோல் கடைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தன.

பட்டாளத்தான் உட்கார்ந்தான். சலூன்காரர் வெள்ளைத் துணியை உதறிப் போர்த்தினார். கழுத்தில் முடிச்சுப் போட நேரமாயிற்று. தண்ணீர் தெளித்தார், சீப்பால் வாரினார். கத்தரிக்கோலை எடுத்து வழக்கம்போலக் காற்றில் நாலு வெட்டு வெட்டினார். அது அவருடைய தாளம். முன்பெல்லாம் தெருமுனைவரை கேட்கும். இப்போது தாளம் தப்பியது. குனிந்து காதோரத்தில் வைக்கப் போனார். நுனி நடுங்கியது. எடுத்தார், மறுபடி வைத்தார். வாசலில் வாண்டின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மருமகள் தரையைப் பார்த்தாள்.

"நாற்காலி ரொம்பக் கீழ இருக்கேப்பா" என்றான் பட்டாளத்தான். "முதுகு வலிக்காதா?"

"பரவாயில்லடா."

"இது யாரு உயரம்ப்பா?"

சலூன்காரர் சீப்பை உதறித் துடைத்தார்.

"அம்மா உயரம்" என்றது வாண்டு.

எதிர்ச் சாரியில் வெயிலைப் பற்றிய பேச்சு நின்றது. சலூன்காரர் கத்தரிக்கோலைக் கண்ணாடிக்கு முன்னால் இருந்த பலகையில் வைத்தார். அது கடகடவென்று ஆடி அடங்கியது.

"கை போச்சுடா" என்றார்.

"தெரியும்ப்பா."

"எப்ப?"

"வந்த அன்னிக்கே. நீங்க வெட்டினா பிடரி வட்டமா முடியும். இந்தத் தெருவுல எல்லாரு பிடரியும் நேர்கோடா இருந்துச்சு. தபால்காரர், ரொட்டிக்கடைக்காரர், நம்ம டெய்லர், எல்லாருக்கும். உங்களுக்கும்தான். உங்க பிடரியை நீங்களே வெட்டிக்க முடியாதில்ல?"

சலூன்காரர் தன்னையறியாமல் பின்கழுத்தைத் தடவிக்கொண்டார். ஊர் வாயையெல்லாம் மூடி வைத்தவர் தன் பிடரியை மறந்துபோனார்.

"தெரிஞ்சும் ஏண்டா பேசாம இருந்தே?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். இவகிட்ட கேட்டா உப்பு வாங்கிட்டு வாங்கங்கறா."

மருமகள் நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது. ஆனால் குரல் கடைக்குரலாக இருந்தது.

"இப்ப சொல்றேன். கடையை மூடச் சொன்னா நான் மூடமாட்டேன். கண்டவனும் வர்ற இடம்னீங்க. வர்றாங்க. என் எதிர்ல தலையைக் குனிஞ்சுதான் உக்கார்றாங்க. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு. மாமாவுக்கு முடியலன்னு மட்டும் நான் செய்யல. பிடிச்சுத்தான் செய்யறேன்."

"மூடணும்னு யாரு சொன்னது?"

"நீங்கதான். போன லீவுல. சாப்பிட்டுக்கிட்டே சொன்னீங்க."

பட்டாளத்தான் யோசித்துப் பார்த்தான். நினைவு வந்திருக்கவேண்டும். கண்ணாடியில் அவளைப் பார்க்காமல் திரும்பி நேராகப் பார்த்தான்.

"சொன்னேன். புத்தியில்லாம சொன்னேன். போன லீவுல நான் உன் வெட்டைப் பாக்கலையே."

அவள் வாண்டின் கையை விட்டுவிட்டு ஓரடி உள்ளே வந்தாள்.

"வேலையை விட்டுட்டு வந்துடுவேன்னு பயந்தீங்களாப்பா?" என்று அப்பாவிடம் கேட்டான். "வந்து இங்க என்ன செய்யறது? இருக்கறது ஒரு நாற்காலி. அதுக்கும் ஆள் இருக்கு. கை நடுங்கறதுக்கு டாக்டர்கிட்ட மட்டும் காட்டுங்க. அதை மறைச்சதுக்குத்தான் எனக்குக் கோவம்." பிறகு தலையை முன்னால் திருப்பிக்கொண்டான். "வந்து வெட்டு. வண்டிக்கு நேரமாச்சு. ஆனா ஒண்ணு, இடது காதுக்குப் பின்னால எல்லாருக்கும் கொஞ்சம் விட்டுடறே."

"விடல" என்றாள்.

"தபால்காரருக்கு விட்டிருக்கே."

"அது அவரு தலையை ஆட்டிக்கிட்டே ஊர்க்கதை பேசறாரு. நான் என்ன பண்றது?"

"இல்லம்மா, அவன் சொல்றது நிஜந்தான்" என்றார் சலூன்காரர். அவருக்குக் குரல் வந்துவிட்டது. "நீ அந்தப் பக்கம் போறப்ப கால் மாத்தி வைக்கறதில்ல. வலது காலை முன்னால வை. ம். இப்ப மடலை மடக்கு. பட்டாளத்து வெட்டு, பக்கத்துல ஒட்டணும். உச்சியில கொஞ்சம் நிறுத்திக்க."

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். எத்தனையோ தலை வெட்டியவள்தான், இந்தத் தலைக்கு முதலில் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சீப்பு சாய்ந்தது. கிளிக், கிளிக் என்று சத்தம் சீராக எழுந்தது. முடி வெள்ளைத் துணியில் கொத்துக் கொத்தாக விழுந்து வழுக்கித் தரையில் சேர்ந்தது. வலது கால் முன்னால் வந்தது, மடல் மடங்கியது. சலூன்காரர் பலகையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, அவளுடைய கையையே பார்த்தார். வாண்டு தரையில் கிடந்த முடியைக் கூட்டிக் கூட்டிக் குவியல் வைத்தது. பட்டாளத்தான் கண்ணை மூடிக்கொண்டான். பிடரியில் அவள் விரல் பட்டபோது அவன் தோள் மெல்ல இறங்கியதை எதிர்ச் சாரியிலிருந்தே பார்த்தோம்.

முடிந்தது. அவள் தூரிகையால் கழுத்தைத் தட்டிவிட்டு ஒதுங்கினாள். சலூன்காரர் ஆணியில் மாட்டியிருந்த கைக்கண்ணாடியை எடுத்து, சட்டையில் ஒரு தடவை துடைத்து, மகனின் தலைக்குப் பின்னால் பிடித்தார். கை ஆடியது. கண்ணாடிக்குள் நேர்கோடு குதித்தது. நாங்கள் எல்லாரும் சொல்கிற அந்த ஒற்றை வரியைச் சொல்லிவிட்டு அவனும் எழுந்துவிடுவான் என்று நினைத்தோம். அவன் எழுந்திருக்கவில்லை. பெரிய கண்ணாடிக்குள் அந்தச் சின்னக் கண்ணாடியையும், அதைப் பிடித்திருந்த கையையும் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

மருமகள் துண்டை உதறினாள். வாசலுக்கு வந்தாள். புருஷன் காது கேட்க அந்தக் கடையில் முதல் தடவையாகக் கேட்டாள்.

"அடுத்து யாரு?"

எதிர்ச் சாரியில் இருந்த அத்தனை தாடியும் ஒரே நேரத்தில் தெருவைக் கடந்தது. தபால்காரர் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ரொட்டிக்கடைக்காரர் அடுப்பில் இருந்ததை மறந்து, துண்டை அவிழ்த்துக்கொண்டே நுழைந்தார். நான்தான் முதல், நீதான் முதல் என்று வாசலில் நெரிசல். மருமகள் திரும்பி நாற்காலியைப் பார்த்தாள்.

"எழுந்திரிங்க. ஆளுங்க நிக்கறாங்க பாருங்க."

"இரு" என்றான் பட்டாளத்தான். "அப்பா இன்னும் கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."